வழித்தடத்தில் வேலி போட்டால்: நிலப் பயன்பாடும் விலங்குகளின் நடமாட்டமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையை அடுத்த தடாகத்தில் யானை வாழைத் தோட்டத்தைச் சாய்த்ததாகச் செய்தி வந்தாலும் சரி, கம்பம் நகர வீதியில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை ஓடிய வீடியோ வந்தாலும் சரி, பின்னாலேயே சில கேள்விகள் வந்துவிடும். அடிக்கடி காதில் விழும் கேள்விகளுக்கு நீலகிரி, கோவை, ஆனைமலைப் பகுதிகளை வைத்து இங்கே பதில் தந்திருக்கிறேன். யானையைப் பற்றியே அதிகம் இருக்கும். வழி அடைபட்டதை ஊருக்கே தெரியும்படி சொல்லிவிடுகிற விலங்கு அதுதான். மற்றவை சத்தமில்லாமல் குறைந்துபோகும்.

காடு முழுக்க யானைக்குத்தானே இருக்கிறது, தனியாக வழித்தடம் என்று ஒன்று எதற்கு?

வரைபடத்தில் பச்சையாகத் தெரிவதெல்லாம் ஒரே காடு இல்லை. பெரிய காடுகள் சில இடங்களில் இடுங்கி, ஒன்றிரண்டு கிலோமீட்டர் அகலத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த இடுக்குதான் வழித்தடம். அங்கே யானைக்குத் தங்கும் வேலை அதிகம் இல்லை, கடக்கும் வேலைதான்.

ஏன் கடக்க வேண்டும்? வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தீவனமும் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீரும் வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் அந்த இடம் மொட்டையாகிவிடும். நீலகிரிப் பகுதியில் ரேடியோ காலர் (இருக்கும் இடத்தைக் காட்டும் கழுத்துப் பட்டை) மாட்டிப் பார்த்ததில், ஒரு பெண் யானைக் கூட்டம் சுற்றி வரும் பரப்பு 500 முதல் 800 சதுர கி.மீ. வரை இருந்தது. சென்னை மாநகராட்சியின் மொத்தப் பரப்பே 426 சதுர கி.மீ.தான். மழையும் புல்லும் எங்கே இருக்கிறதோ அங்கே போய், அது தீர்ந்ததும் திரும்புவதுதான் அதன் வாழ்க்கை. எந்த ஒரு சரணாலயத்தின் எல்லைக்குள்ளும் அது அடங்காது.

சீகூர், சீகூர் என்கிறார்களே, அங்கே அப்படி என்ன?

தெற்கே சுவர் மாதிரி நீலகிரி மலை. வடக்கே மோயாற்றின் பள்ளம். நடுவில் கிடக்கும் சமதரைதான் சீகூர் பீடபூமி. மேற்கே முதுமலை, கிழக்கே சத்தியமங்கலம், ஆற்றைத் தாண்டினால் பந்திப்பூர். மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் சேர்க்கும் இடம் இதுதான். மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் எல்லாம் இந்தச் சமதரையில்தான் இருக்கின்றன. சுற்றுலா வளர்ந்தபோது விடுதிகளும் இங்கேதான் முளைத்தன. வேறு இடத்தில் தட்டையான நிலம் ஏது?

2010 ஆகஸ்டில் தமிழக அரசு இங்கே யானை வழித்தடத்தை அறிவித்தது. நில உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அரசாணையை உறுதி செய்தது. 2018இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் பல விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றமும் அரசாணை செல்லும் என்று தீர்ப்பளித்து, தனிப்பட்ட ஆட்சேபங்களை விசாரிக்க முன்னாள் நீதிபதி கே. வெங்கட்ராமன் தலைமையில் குழு அமைத்தது. அறிவிப்பு வந்து 10 ஆண்டு கழித்து இறுதித் தீர்ப்பு. இடைப்பட்ட காலத்தில் எழும்பிய சுவர்கள் அப்படியே நின்றன.

மலை பெரியது. ஒரு வழி அடைபட்டால் யானை வேறு வழியில் போகாதா?

போகும். எந்த வழியில் என்பதுதான் சிக்கல்.

யானை செங்குத்தான சரிவைத் தவிர்க்கும். தண்ணீர் இருக்கும் பக்கம் போகும். குட்டிகளோடு போகும் கூட்டம் இன்னும் எச்சரிக்கையாகச் சரிவு குறைந்த தடத்தையே பிடிக்கும். மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாற்றைப் பாருங்கள். மலை நேராக எழும்பி நிற்கிறது. அடிவாரத்தில் ஒரு துண்டு நிலம். குன்னூர் போகும் நெடுஞ்சாலையும், மலை ரயில் பாதையும், பாக்குத் தோப்புகளும் அந்தத் துண்டில்தான். யானைக்கும் அதைவிட்டால் வேறு நிலம் இல்லை.

அடைபட்ட இடத்தில் யானை நின்று யோசித்துவிட்டுக் காட்டுக்குத் திரும்பிவிடும் என்று நினைப்பது ஆசை. சுவரை ஒட்டியே நடந்து, சுவர் எங்கே முடிகிறதோ அங்கே திரும்பும். அங்கே இருப்பது இன்னொருவரின் சோளக்காடு. வேலி போட்டவர் நிம்மதியாகத் தூங்க, வேலி போட வசதி இல்லாத பக்கத்து நிலத்துக்காரர் விடிய விடியத் தகரம் தட்டுவார்.

விவசாயம், எஸ்டேட், ரிசார்ட், செங்கல் சூளை: விலங்குக்கு எல்லாம் ஒன்றுதானே?

இல்லவே இல்லை. பேசப்பட வேண்டிய விஷயமே இதுதான் என்பது என் கருத்து. நிலம் பட்டாவா, காடா என்பது யானைக்குத் தெரியாது. கடக்க விடுகிற நிலமா, விடாத நிலமா என்பதுதான் அதற்கு முக்கியம்.

மானாவாரி நிலத்தில் அறுவடை முடிந்தபின் வேலி இல்லையென்றால், இரவில் எந்த விலங்கும் கடந்துவிடும். நிழல் மரத்தோடு இருக்கும் காபித் தோட்டம் பாதி காடு மாதிரி. பகலில்கூட யானை அதில் ஒதுங்கி நிற்கும். தேயிலைத் தோட்டத்தில் தின்ன ஒன்றும் இல்லை, ஒளிய இடமும் இல்லை. ஆனாலும் இருட்டியபின் நடந்து போகலாம். ரிசார்ட்டில் ஆள் நடமாட்டம் குறைவுதான். ஆனால் சுற்றிலும் கம்பி வேலி, விடிய விடிய விளக்கு, பாட்டு, சவாரி ஜீப். நான்கு ஏக்கர் ரிசார்ட் நாற்பது ஏக்கர் கம்புக் கொல்லையைவிடப் பெரிய தடை ஆகிவிடும்.

செங்கல் சூளை இன்னொரு ரகம். கோவைக்கு வடமேற்கே தடாகம் பள்ளத்தாக்கில் பல ஆண்டுகள் செம்மண் எடுத்து, யானை நடந்த ஓடைகளும் புறம்போக்கும் ஆழக் குழிகளாகிவிட்டன. குழி என்றால் மாடு விழுந்தால் ஏற முடியாத குழி. அது போதாதென்று, சூளைக்கு எரிக்கப் பனை மரங்களை வெட்டிக் கொண்டுவந்து போட்டார்கள். பனையின் குருத்தும் உள்சோறும் யானைக்குப் பிடித்தமானவை. ஆக, பாதையைத் தோண்டிய அதே தொழில், ஊருக்குள் வரவும் அழைத்தது. 2021இல் நீதிமன்றத் தலையீட்டுக்குப் பின் அங்கே 186 சூளைகள் மூடப்பட்டன. குழிகள் இருக்கின்றன.

கண்ணுக்குப் படாத தடைகளும் உண்டு: மின்நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கான்கிரீட் கால்வாய், நீலகிரியின் சிங்காராவில் மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்கள். இவை ஒரு மனிதரும் குடியிருக்காத தடைகள்.

வால்பாறையில் மட்டும் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

முழுக்கச் சமாளித்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கற்றுக்கொள்ள வேண்டிய ஊர்.

1890களில் தொடங்கி மழைக்காட்டை அழித்துப் போட்ட தேயிலை. சுமார் 220 சதுர கி.மீ. பீடபூமி, சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகம், பரம்பிக்குளம், வாழச்சால் காடுகள். நடுவில் ஏறக்குறைய 70,000 பேர், பெரும்பாலும் எஸ்டேட் லைன் வீடுகளில். தேயிலைக்கு நடுவே ஆற்றோரங்களிலும் மேடுகளிலும் தப்பிப் பிழைத்த துண்டுச் சோலைகள் இருக்கின்றன. யானைகள் பகலில் அந்தத் துண்டுகளில் நின்று, இருட்டியதும் தேயிலை வழியாக அடுத்த துண்டுக்குப் போகின்றன.

இங்கே மனிதர்கள் இறந்த சம்பவங்களை ஆராய்ந்தபோது தெரிந்தது: பெரும்பாலானவர்கள் யானையை விரட்டப் போய் இறக்கவில்லை. யானை அங்கே நிற்பதே தெரியாமல், வேலை முடிந்தோ பஸ்ஸை விட்டு இறங்கியோ இருட்டில் நேராக அதன்மேல் போய் முட்டியவர்கள். அப்படியென்றால் தேவை வேலி இல்லை, தகவல். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் 2011 வாக்கில் வனத்துறையோடும் எஸ்டேட்டுகளோடும் சேர்ந்து தொடங்கிய ஏற்பாடு இதுதான்: இன்று மாலை யானை எந்த டிவிஷனில் நிற்கிறது என்று தமிழில் எஸ்.எம்.எஸ். போகும், போன் ஒலித்து குரல் செய்தி வரும், உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும். சில திருப்பங்களில் உயரக் கம்பத்தில் சிவப்பு விளக்கு. யானை பக்கத்தில் இருந்தால் உள்ளூர்க்காரர் ஒருவர் மொபைலில் அழைத்து அதை எரிய விடுவார். பஸ்ஸில் வருகிறவர் விளக்கைப் பார்த்துவிட்டு, இறங்காமல் அடுத்த நிறுத்தத்துக்குப் போவார்.

இத்தனைக்கும் ரேஷன் கடை, சத்துணவுக் கூடம் இரண்டும் இன்னும் உடைபடுகின்றன. அரிசி, பருப்பு, உப்பு எல்லாம் ஒரே தகரக் கதவுக்குப் பின்னால் இருந்தால் உடைபடத்தான் செய்யும்.

யானை, புலி தவிர மற்ற உயிர்களுக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையா?

அவற்றுக்குத்தான் இன்னும் பெரிய பிரச்சினை. யானை தேயிலையைக் கடந்துவிடும். சிங்கவால் குரங்கு மரத்தை விட்டு இறங்கவே விரும்பாத விலங்கு. வால்பாறை ஊரை ஒட்டிய புதுத்தோட்டத்தில், நூறு ஹெக்டேருக்கும் குறைவான சோலைத் துண்டில் இவை நூற்றுக்கும் மேல் வாழ்கின்றன. பொள்ளாச்சி சாலை அந்த ஓரமாகத்தான் போகிறது. இருபுறமும் கிளைகள் தொட்டுக்கொண்டிருந்த வரை கவலை இல்லை. விரிவாக்கத்துக்கு மரம் போனதும் இறங்கி ஓட வேண்டியதாயிற்று, அடிபட்டன.

அதற்குக் கண்ட வழி, பழைய தீயணைப்புக் குழாய்களைப் பட்டையாக இணைத்து மரத்துக்கு மரம் கட்டிய தொங்கு பாலம். முதலில் ஒரு ஆண் வந்து ஒரு கையால் ஆட்டிப் பார்க்கும். உட்கார்ந்துகொண்டு சாலையைப் பார்க்கும். பிறகு சரசரவென்று கடக்கும். அது போனால் குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு பெண்கள் வரிசையாகப் போகும். கீழே கார்கள் நிற்கிற இடத்தில் ஒரு ஆள் நின்று 'மெதுவா போங்க சார்' என்று கை காட்டுவார். திட்டத்தில் பாதி அந்த ஆள்தான் என்பேன்.

தேவாங்கும் இதே ரகம். கிளைக்குக் கிளை பிடித்து நடக்கும், தாவத் தெரியாது. பத்தடி இடைவெளி விழுந்தால் அதற்கு அது அகழி. 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவித்தது நல்ல காரியம். ஆனால் சுற்றியுள்ள தோட்டங்களின் உயிர்வேலியும் கிளுவை வரிசையும் போய்க் கம்பி வேலி வந்தால், சரணாலயம் தீவாகும். மழைக்காலத்து இரவில் மலைச் சாலைகளில் நசுங்கும் தவளை, பாம்புகளைப் பற்றி யாரும் வழக்குப் போடுவதில்லை.

மரம் நட்டால் எல்லாம் சரியாகிவிடும்தானே?

எந்த மரம், எந்த இடம் என்று கேட்காமல் 'ஆம்' சொல்ல முடியாது. நம் மாநில விலங்கான வரையாடு புல்வெளி விலங்கு. பாறைச் சரிவும் திறந்த புல்லும் இருந்தால்தான் புலி, செந்நாயைத் தூரத்திலேயே கண்டு தப்பும். நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளியை 'தரிசு' என்று கணக்கெழுதி, சீகையையும் (வாட்டில்) கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) பைனையும் நட்டார்கள். தோல் பதனிடப் பட்டை, விறகு, ரேயானுக்குக் கூழ் எனக் காரணங்கள் அன்றைக்கு நியாயமாகவே பட்டிருக்கும். விளைவு: ஒரு குன்றின் வரையாடுகளுக்கும் அடுத்த குன்றின் வரையாடுகளுக்கும் நடுவே இருட்டுத் தோப்பு. அதற்குள் அவை நுழைவதில்லை. 2025 கணக்கெடுப்பில் தமிழகத்தில் 1,303 வரையாடுகள். எண்ணிக்கை கூடியிருப்பது மகிழ்ச்சிதான், சிறு சிறு கூட்டங்களாகச் சிதறி இருப்பது மாறவில்லை.

கீழே முதுமலைப் பக்கம் போனால் வெளியிலிருந்து வந்து பரவிய உண்ணிச்செடியும் மஞ்சள் கொன்றையும். காடு பச்சையாகத்தான் தெரியும். உள்ளே யானைக்கும் மானுக்கும் புல் இல்லை. இருக்கிற காட்டில் தீவனம் போனதும் வெளியே தேடும் அவசியம் கூடுகிறது.

இரவில் சாலையை மூடுவது அநியாயம் இல்லையா?

இல்லை. பந்திப்பூர் வழியாகப் போகும் சாலையில் 2009இல் தொடங்கிய வாகனத் தடை, இரவு 9 முதல் காலை 6 வரை, இன்றும் இருக்கிறது, வியாபாரம் நின்றுபோய்விடவில்லை. சத்தியமங்கலத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் சாலையில் 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் இரவுத் தடை வந்தது. தாளவாடி விவசாயிகளின் காய்கறி வண்டிக்கும் மருத்துவ அவசரத்துக்கும் விலக்குக் கேட்டது நியாயம். மைசூருக்குச் சுற்றுலா போகிறவர் விடியும்வரை காத்திருப்பதில் எந்த அநியாயமும் இல்லை.

மதுக்கரை ரயில் பாதையில் இன்னும் யானைகள் அடிபடுகின்றனவா?

கோவையிலிருந்து பாலக்காடு போகும் பாதை எட்டிமடைக்கும் வாளையாறுக்கும் இடையே இரண்டாகப் பிரிந்து, ஒன்று காட்டுக்குள்ளேயே வளைந்து போகிறது. 2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே மங்களூரு–சென்னை ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. அதன்பின் தண்டவாளத்துக்கு அடியில் இரண்டு சுரங்கப் பாதைகள் கட்டப்பட்டன. 2024 பிப்ரவரியில் 12 கோபுரங்களில் வெப்ப உணர் கேமராக்களோடு, யானையை ஏ.ஐ. அடையாளம் கண்டு ரயில் ஓட்டுநருக்குத் தகவல் போகும் ஏற்பாடு ரூ.7.24 கோடியில் தொடங்கியது. கேமரா பற்றித்தான் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. சுரங்கப் பாதையே நிரந்தர வேலை என்பது என் எண்ணம். கரண்ட் போனாலும் அது அங்கேயே இருக்கும்.

தொந்தரவு தரும் யானையைப் பிடித்து தூரக் காட்டில் விட்டால் என்ன?

செய்து பார்த்தாகிவிட்டது. 2019 ஜனவரியில் தடாகத்தில் சின்னத்தம்பி என்ற யானையைப் பிடித்து ஆனைமலையின் டாப்சிலிப் காட்டில் விட்டார்கள். சில நாளிலேயே அது சுமார் 100 கி.மீ. நடந்து உடுமலைப் பக்கம் கரும்புக்காட்டில் வந்து நின்றது. பிப்ரவரியில் மறுபடி பிடித்து வரகளியாறு முகாமில் கூண்டிலடைத்து, இப்போது அது கும்கி.

அரிக்கொம்பன் கதை இன்னும் நீளம். மூணாறு அருகே சின்னக்கானலில் யானைகள் புழங்கிய இடத்தில் 2000களின் தொடக்கத்தில் கேரள அரசே 301 ஆதிவாசிக் குடும்பங்களுக்கு நிலம் ஒதுக்கிக் குடியமர்த்தியது. இரு தரப்புக்கும் பொருந்தாத ஏற்பாடு. 2023 ஏப்ரலில் அரிக்கொம்பனைப் பிடித்துப் பெரியாறு காப்பகத்தில் விட்டார்கள். மே மாதம் கம்பம் நகருக்குள் வந்தது. ஜூனில் தமிழக வனத்துறை பிடித்து, தென்கோடியில் களக்காடு–முண்டந்துறைக் காட்டில் விட்டது. ஒரு யானை இடம் மாறியது. 301 காலனியில் நிலப் பிரச்சினை இருந்த இடத்திலேயே இருக்கிறது, மற்ற யானைகளும் அங்கேயே.

சோலார் வேலியும் அகழியும் போதாதா?

பராமரித்தால் கொஞ்ச காலம் உதவும். அகழி இரண்டு மழையில் சரியும். யானையே கரையைக் காலால் இடித்துத் தூர்த்து இறங்கும். தந்தத்தில் மின்சாரம் பாயாது என்பதை கொம்பன்கள் சீக்கிரம் கண்டுகொள்கின்றன. கம்பியைத் தந்தத்தில் மாட்டி இழுத்து அறுப்பதும், பக்கத்து மரத்தை வேலிமேல் சாய்த்துவிட்டு மிதித்துப் போவதும் சாதாரணம். மேலிருந்து தொங்கவிடும் சோலார் கம்பி வேலி ஓரளவு தாக்குப் பிடிக்கிறது.

பயப்பட வேண்டியது, வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுப்பதற்கு. சோலார் வேலி துடிப்பாக அதிர்ச்சி தந்து விரட்டும். நேரடி மின்சாரம் கொல்லும். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் இறந்தன. செத்துக்கிடந்த தாய்களை இரண்டு குட்டிகள் சுற்றிச் சுற்றி வந்தன. பன்றிக்குப் போட்டேன் என்பதுதான் எல்லா இடத்திலும் சொல்லப்படும் பதில்.

வழித்தடம் என்று அறிவித்தால் எங்களைக் காலி செய்துவிடுவார்களா?

கூடலூர்க்காரர்களின் இந்தப் பயத்தைக் கிண்டல் செய்யக் கூடாது. ஜமீன் காலத்து ஜன்ம நிலம் யாருக்கு என்ற சிக்கல் தீராமல், தலைமுறையாகப் பட்டா இல்லாமல் இருக்கும் ஊர். அங்கே 2024 ஏப்ரல் கடைசியில் மாநிலம் முழுவதும் 42 வழித்தடங்கள் என்று ஒரு வரைவு அறிக்கை, ஆங்கிலத்தில், கருத்துச் சொல்லச் சில நாட்களே அவகாசம் தந்து வெளியானால் என்ன நடக்கும்? கடையடைப்புதான் நடக்கும். அறிவியல் சரியாக இருந்தாலும், கேட்காமல் கோடு போட்டால் அந்தக் கோட்டுக்கு மதிப்பு இருக்காது.

அறிவிப்பு என்றால் தானாகவே வெளியேற்றம் இல்லை. ஆதிவாசிகளுக்கு 2006 வன உரிமைச் சட்டம் இருக்கிறது. கிராமசபை ஒப்புதல் இல்லாமல் நகர்த்த முடியாது. பல இடங்களில் தேவைப்படுவது ஊர் மாறுவதே அல்ல: புதிய கட்டடம் வேண்டாம், இந்த ஓடையோரம் வேலி வேண்டாம், அவ்வளவுதான். இடம் மாறித்தான் ஆக வேண்டும் என்றால் வயநாட்டின் திருநெல்லி–குத்ரகோட் வழித்தடத்தைப் பார்க்கலாம். நான்கு குடியிருப்புகளின் மக்களிடம் பேசி, வேறு இடத்தில் நிலமும் வீடும் தந்து, அதன்பிறகே இந்திய வனவிலங்கு அறக்கட்டளை அந்த நிலத்தைப் பெற்றது. மெதுவான வேலை. யானை, புலி சுற்றுலாவால் பயன்பெறுவோர் பெரும்பாலும் வேறு யாரோவாக இருக்க, செலவை மட்டும் வழித்தடத்தில் இருக்கும் சிறு விவசாயி தலையில் கட்டுவதை எந்த அறிக்கையும் நியாயப்படுத்த முடியாது.

காட்டோரம் கொஞ்சம் நிலம் வாங்கலாம் என்றிருக்கிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

பட்டா, சிட்டா, அ-பதிவேடு, வில்லங்கம் எல்லாம் வழக்கம்போல. கூடவே, கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழுமமான 'ஹாக்கா' எல்லையில் வருகிறதா, சர்வே எண் 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் சட்டத்தின்கீழ் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் கட்டடம், மரவெட்டு, ஏன், சில இடங்களில் விற்பனைக்கே அனுமதி வேண்டும். புரோக்கர் இதைச் சொல்ல மாட்டார்.

பிறகு, புரோக்கர் இல்லாமல் ஒருநாள் போய் அங்கே ஆடு மேய்ப்பவரிடம் யானை எந்தப் பக்கம் ஏறி எந்தப் பக்கம் இறங்கும் என்று கேளுங்கள். ஓடைக்கரையில் காய்ந்த லத்தியும், மரத்தில் ஆளுயரத்துக்கு மேல் சேறு உரசிய தடமும் இருந்தால் பதில் கையிலேயே இருக்கிறது.

வாங்கித்தான் தீருவேன் என்றால் வீட்டையும் களத்தையும் சுற்றி மட்டும் வேலி போடுங்கள், எல்லை முழுவதும் வேண்டாம். ஓடையிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். கிணறு இருந்தால் கைப்பிடிச் சுவரை உயர்த்திக் கட்டுங்கள். தோட்ட விளக்கைத் தரையைப் பார்த்துத் திருப்பிவையுங்கள். காட்டோரத்தில் சோலார் வேலி போட 2023 விதிகளின்படி வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும்; ஏற்கெனவே போட்டிருக்கும் வேலிக்கும் அது பொருந்தும்.